ஈ ஓட்டும் கை

மாரியம்மன் வீட்டுக்குள் வந்திருக்கும்போது ஈ, எறும்பைக்கூடக் கொல்லக் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது, புகை போடக் கூடாது, மீனும் கருவாடும் வாசலைத் தாண்டக் கூடாது. குருவிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பணிய லயத்தில், அந்தக் கீழ் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். இராக்கம்மாவுக்கும் தெரியும். மூத்தவள் அஞ்சலைக்கு உடம்பெல்லாம் மணல்வாரி போட்டிருந்தது. நோய் என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது, அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். வந்தவள், பலா பழுத்து மரத்திலேயே வெடிக்கிற இந்த ஆடி மாதத்தில், ஈக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். அதுதான் இராக்கம்மாவுக்கு ஆற்றாமை.

"ஏன் ஆத்தா, ஒரு மழ நாளாப் பாத்து வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேவிட்டாள். கேட்ட கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஈ என்றால் அப்படியொரு ஈ. சோற்றுப் பானை மூடியைத் திறந்தால் மூடியில் ஈ, கொடியில் கிடக்கிற துணியில் ஈ, அஞ்சலையின் கண் பீளையில் ஈ. புருஷன் இராமையா பதுளைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த வேப்பங்கொத்து, வீசி வீசி இலையெல்லாம் உதிர்ந்து காம்பாகிக் கொண்டிருந்தது. இராக்கம்மா கொழுந்து மலைக்குப் போகாமல் வீட்டோடு கிடந்தாள். அன்றாடப் பேர் போய்க் கூலி குறைகிறதே என்று நினைக்கவும் அவளுக்கு நேரமில்லை. கடைக்குட்டி வீரய்யா தவழ்கிற பருவம். ஓரிடத்தில் கிடக்க மாட்டான். அவன் தூங்கும்போது பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கயிற்றில் கூடாரம் மாதிரி தொங்கவிட்டாள். விழித்ததும் அதைத்தான் முதலில் பிடித்து இழுத்தான். பால் டம்ளருக்கு மூடி, ரொட்டிக்குத் துணி, பிள்ளை வெளிக்கிருந்தால் அள்ளும் முன்பே அதன்மேல் அடுப்புச் சாம்பல் என்று ஓயாமல் ஓடினாள். ஒரு பெண்ணுக்கு இரண்டு கைதானே, என்ன செய்வாள் பாவம்.

இந்தப் பதைப்புக்குக் காரணம் இருந்தது. அஞ்சலைக்கும் வீரய்யாவுக்கும் நடுவில் ஒருவன் பிறந்திருந்தான். போன ஆடியில், இதே ஈக் காலத்தில், வயிற்றோட்டம் வந்து போய்விட்டான். கடைசி நாளன்று அவன் உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. பிள்ளை கையைத் தூக்கி ஓட்டுவான் என்று இராக்கம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கை பாயில் கிடந்தபடியே கிடந்தது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு நின்ற பிறகும் அவள் முந்தானையால் வீசிக்கொண்டிருந்தாள். "போதும் புள்ள, விடு" என்று எல்லோரும் சொன்னார்கள். குழிக்குக் கொண்டுபோகிற வரைக்கும் அவள் விடவில்லை.

லயத்துக் காம்பராக்களுக்கு ஒரு குணம் உண்டு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் எழுப்பிய சுவர் தகரக் கூரை வரைக்கும் போகாது. ஆள் கையைத் தூக்கும் உயரத்துக்கு மேலே திறந்து கிடக்கும். ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் அடுத்த வீட்டில் கண் எரியும். ஒரு வீட்டில் விரட்டிய ஈ அடுத்த வீட்டில் இறங்கும். இராக்கம்மாவின் சுவருக்கு அந்தப் பக்கம் இருதயம்மாவும் அவள் புருஷன் அந்தோனிப்பிள்ளையும் இருந்தார்கள். வேதக்காரர்கள். பிள்ளை இல்லாதவர்கள். பெண்கள் இருவரும் முகம் பார்க்காமலே சுவருக்கு மேலாகத்தான் பாதிக் குடும்பம் நடத்தினார்கள்.

"இராக்கு, புள்ள தூங்கிருச்சா?"

"எங்கக்கா தூங்குது? கண்ணுலயே மொய்க்குது. இங்கிட்டு அவளுக்கு வீசுனா அங்கிட்டு இவன் மேல போயி ஒக்காருது. ரெண்டு பேருக்கும் வீசுனா ஒங்க காம்பராவுக்கு வருது."

"ஆமா, ஆமா. இப்பத்தான் ஒரு படையே வந்து எறங்குச்சு. இந்தா, திருப்பி அனுப்புறேன், வாங்கிக்க."

சுவருக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு. சிரித்து முடிந்ததும் இருதயம்மா குரலைத் தாழ்த்தினாள். "கோழிய அடச்சதுலருந்துதான்டி இந்தக் கூத்து. அதுக குப்பைய கிண்டி, நெளியிற புழுவ ஒண்ணு விடாம பொறுக்கும். இப்ப அதுக கூட்டுக்குள்ள தவிட்டுக்குக் கத்துதுக. புழுவெல்லாம் றெக்க மொளச்சு நம்ம ரெண்டு வீட்டுக்கும் விருந்தாடி வருது."

"எனக்குத் தெரியாதாக்கா? இந்த ஆம்பளைகளுக்கு யாரு சொல்றது?"

நடந்தது இதுதான். லயத்துக் கோடியில் இராமையாவின் மாட்டுப்பட்டி இருந்தது. ஒரு பசு, ஒரு கன்று. பட்டிக்குப் பின்னால் அவன் சேர்த்து வைத்திருந்த சாணிக் குப்பை இடுப்பு உயரத்துக்கு நின்றது. தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் அவன் போட்டிருந்த போஞ்சிப் பாத்திக்கும் லீக்ஸ் பாத்திக்கும் அதுதான் உயிர். விடியலில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகும் முன் அதை ஒரு தடவை பார்ப்பான், மலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை பார்ப்பான். சிலர் சாமி படத்தைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். இருதயம்மாவின் கோழிகள் அந்தக் குப்பையைக் கிளறி இறைத்துவிட்டுப் போஞ்சிக் கன்றுக்கும் வாய் வைத்தன. இராமையா ஒரு நாள் ஆத்திரத்தில் கல்லை விட்டான். அந்தோனிப்பிள்ளை ஆசையாக வளர்த்த கொண்டைச் சேவலுக்குக் கால் போய்விட்டது. மச்சான், மச்சான் என்று ஒரு பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள் அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். அந்தோனிப்பிள்ளை பலகை அடித்துக் கோழிகளைக் கூட்டில் போட்டுப் பூட்டினார். "இனிமே என் வீட்டுக் கோழியோட நெழலு அவன் குப்பையில விழாது" என்று லயமே கேட்கச் சொன்னார்.

அன்று மாலை இராமையா, தேயிலைச் செடியைக் கழித்து வெட்டுகிற கவ்வாத்து மலையிலிருந்து கை காலெல்லாம் கீறலோடு வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தான். இராக்கம்மா ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டு, அவன் தின்று முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"ஏங்க, அந்தக் குப்பைய வேற பக்கம் மாத்திப் போட்ருவமா?"

"வேற பக்கம்னா?"

"தண்ணிப் பீலிக்கு அங்கிட்டு, மானாப்புல்லு மேட்டுல."

"வெளயாடுறியா? நாளெல்லாம் கத்தி பிடிச்சுட்டு வந்து குப்ப சொமக்கச் சொல்றியா? அங்கன போட்டா நான் பாத்திக்கு எப்பிடிக் கொண்டாறது, ஒங்கப்பன் வந்து சொமப்பானா?"

"சரி, எங்கப்பன் வேணாம். அக்கா வீட்டுக் கோழியவாவது தொறந்துவிடச் சொல்லுவோம். பாத்திக்கு நான் முள்ளு வச்சு அடைக்கிறேன்."

"அந்தோனி வந்து கேக்கட்டும். என் மொகத்தப் பாத்துக் கேக்கட்டும்."

"அவரு எதுக்குங்க கேக்கணும்? கால ஒடச்சது நீங்க."

இராமையா தட்டிலேயே கையைக் கழுவினான்.

"நடுவுலவன எடுத்துக் குடுத்தது பத்தாதா?" என்றாள் இராக்கம்மா. "இவனையும் குடுக்கணுமா? ஒரு குப்பைக்கு? ஒரு சேவக் காலுக்கு?"

இராமையா எழுந்து உள்ளே போய், வேப்பங்கொத்தை எடுத்து அஞ்சலைக்கு வீசத் தொடங்கினான். அவனுக்கும் நெஞ்சு கனத்தது என்பது அவன் வீசின வீச்சிலேயே தெரிந்தது. ஆனால் குப்பையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இந்த ஆம்பிளைகளின் ரோசத்தை எந்தத் தராசில் போட்டு நிறுக்கிறதோ, அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அந்தோனிப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் எப்படி இருக்க முடியும்? இராமையாவோடு பேச்சில்லையே தவிர, வீரய்யா என்றால் அவருக்கு உயிர். மலையிலிருந்து வந்ததும் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பீலிக்கரை வரைக்கும் போய் வந்தால்தான் அவருக்குத் தேத்தண்ணி இறங்கும். அம்மா வந்த வீடு என்பதால் கருவாடு தின்ற வாயோடு உள்ளே வரக் கூடாதென்று இத்தனை நாளும் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டுச் சத்தம் கேட்பதற்கு முன்னால் அவர் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, இன்னிக்குப் பாரு. ஈ கொறஞ்சிரும்."

"எப்பிடிண்ணே?"

"பாரேன்."

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேந்துக்கிட்டீங்களா?"

"அப்பிடித்தான் வச்சுக்கயேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சொன்ன மாதிரியே நடந்தது. வெயில் ஏற ஏற இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. அஞ்சலையின் முகத்தில் ஒன்றிரண்டுதான் வந்து உட்கார்ந்தன, அவையும் சோம்பிப்போய் உட்கார்ந்தன. இராக்கம்மாவால் நம்பவே முடியவில்லை. ஆத்தா கண் திறந்தாளோ, அந்தோனியார் கண் திறந்தாரோ, யாராயிருந்தாலும் நல்லாயிருக்கட்டும் என்று கும்பிட்டாள். எத்தனையோ இரவுகளின் தூக்கம் மொத்தமாக வந்து அழுத்தியது. சுவரில் சாய்ந்தாள். வேப்பங்கொத்து கையிலிருந்து நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா" என்று அஞ்சலை கூப்பிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. "அம்மா, தம்பி தேயிலத் தூளு திங்குறான்."

"திங்கட்டும்டி" என்று தூக்கத்திலேயே சொன்னாள்.

"மேலேருந்து கொட்டுதும்மா."

இராக்கம்மா கண்ணைத் திறந்தாள். சுவரோரத்தில், பாயின் விளிம்பெல்லாம், கறுப்பாகச் சிதறிக் கிடந்தது. தேயிலைத் தூள்தான், அப்படித்தான் இருந்தது. அதன் நடுவில் வீரய்யா உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தான். சுவர் உச்சியிலிருந்து இன்னும் ஒன்று விழுந்தது. மல்லாந்து கால்களை உதறியது. ஈ.

அவள் அலறின அலறல் மேட்டு லயம் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கி வாய்க்குள் விரலைவிட்டு வழித்தாள். கறுப்புக் கறுப்பாக வந்தது. தண்ணீர் விட்டுத் துடைத்தாள். பிள்ளை முதலில் அழுதான். கொஞ்ச நேரத்தில் எச்சில் நூலாக வடிந்தது, நெற்றி வேர்த்தது, கழுத்து துவண்டு அவள் தோளில் விழுந்தது. அழுகை நின்றுவிட்டது. அழுகை நின்றதுதான் அவளைக் கொன்றது. அஞ்சலையைப் பக்கத்துக் காம்பராக் கிழவியிடம் விட்டுவிட்டு, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைப் பார்த்து ஓடினாள்.

பகல் நிறுவை நேரம். ஆணும் பெண்ணும் அங்கேதான் இருந்தார்கள். முதலில் ஓடி வந்தவர் அந்தோனிப்பிள்ளை. பிள்ளையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த ஈச் சிறகைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க கெடந்துச்சு தங்கச்சி?"

"செவத்தோரம். மேலேருந்து விழுந்துச்சு. என்னாண்ணே அது? என்னா அது?"

"சண்டாளன் நான்" என்றார் அந்தோனிப்பிள்ளை. "மருந்து வச்சேன் தங்கச்சி. வெலிமடையில மச்சினன் கெழங்குக்கு அடிக்கிற மருந்து. சீனி கரச்சு செரட்டையில ஊத்தி, செவத்து உச்சியில வச்சேன். புள்ளைக்கு எட்டக் கூடாதுன்னுதான்... புள்ளைக்கு எட்டாத எடமாப் பாத்துத்தான் வச்சேன்."

பிள்ளைக்கு எட்டாத இடம்தான். நின்று கையைத் தூக்கினாலும் இராக்கம்மாவுக்கே எட்டாது. தின்ற ஈ எங்கே போய் விழும் என்பதை மட்டும் மனிதர் யோசிக்கவில்லை. அம்மா வந்த வீட்டில் கொல்லக் கூடாதே, தங்கச்சி வேண்டாமென்பாளே என்று, தன் வீட்டுப் பக்கம்தானே வைக்கிறோம் என்று, யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்தார்.

இராமையா அதற்குள் கவ்வாத்துக் கத்தியோடு வந்துவிட்டான். காதில் விழுந்தது போதும், கத்தி மேலே போனது. அந்தோனிப்பிள்ளை நகரவில்லை. "வெட்டு மச்சான்" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் இராமையாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பொறவு வெட்டுங்க!" என்று கத்தினாள் இராக்கம்மா. "வெட்டிக்கிட்டு சாவுங்க ரெண்டு பேரும்! மொதல்ல லொறிய எடுக்கச் சொல்லுங்க!"

லொறிக்கார ஸஹாப்தீன் யாரிடமும் கேட்கவில்லை. ஏற்றியிருந்த கொழுந்துச் சாக்குகளைக் காலால் தள்ளி இடம் பண்ணினார். "ஏறும்மா. தொர கேட்டா நான் சொல்லிக்கிறேன்." இராமையா ஏறினான். லொறி நகரும்போது அந்தோனிப்பிள்ளை லயத்துக்கு ஓடி, மருந்துப் போத்தலை இடுப்புச் சாரத்து மடிப்பில் சுற்றிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி வந்து, கீழ் வளைவில் லொறியைப் பிடித்துப் பின்னால் தொற்றிக்கொண்டார். போத்தலைக் கொண்டுவந்தது எவ்வளவு நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்ன மருந்து என்று தெரிந்ததால் டாக்டர் உடனே ஊசி போட்டார். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அட்டென்டன் பொம்பிளை தமிழில் சொன்னாள். "உள்ள போனது கொஞ்சம். ஆனா புள்ள சின்னது. இருந்துதான் பாக்கணும்."

இருந்துதான் பார்த்தாள். பிள்ளை கட்டிலில் துணி மாதிரி கிடந்தான். கண்ணைத் திறந்தால் எங்கோ பார்த்தான். நர்சம்மா வந்து கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. அந்தக் கை விழுகிற ஒவ்வொரு தடவையும் இராக்கம்மாவுக்குப் போன ஆடியின் பாய் கண்ணுக்குள் வந்தது. ஆண்கள் இருவரையும் அவளே விரட்டிவிட்டாள். "இங்கன நின்னு என்னா செய்யப் போறீங்க? அங்க ஒருத்தி அம்மாவோட கெடக்குறா. போங்க." அந்தோனிப்பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்லிவிடுவாளோ என்று அவளுக்கே பயம்.

இருதயம்மா ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, வார்டில் பார்க்க வருகிறவர்களின் இரைச்சல். வந்ததும் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள், கண்ணைத் துடைத்தாள், கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் இல்லாமல் பேசிப் பழக்கமில்லையோ என்னவோ.

"அஞ்சல எப்பிடிக்கா?"

"நல்லாருக்கா. கொப்புளமெல்லாம் வாடிருச்சு. ஆத்தா எறங்கிட்டா. நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தலாம்னாங்க. ஒன்னியத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

"அவ கூட யாரு இருக்கா? வீசுறதுக்கு?"

"வேற யாரு, ஒங்கண்ணன்தான். கருவாட்ட விட்டாரு, பீடிய விட்டாரு, குளிச்சுட்டு வேப்பங்கொத்தோட ஒக்காந்தவரு எந்திரிக்கல. மலைக்கும் போகல. கோயில் சாமியாரு பாத்தா என்னா சொல்லுவாருன்னு கேட்டேன். புள்ளைக்கு ஈ ஓட்டுறது எந்த வேதத்துலடி குத்தம்னு என் மேல பாயிறாரு."

இராக்கம்மா ரொட்டி முடிச்சை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலக்கா. பொய் சொல்லமாட்டேன்."

"அடங்க வேணாம். எனக்கே அடங்கல. நான் அந்த ஆளுகிட்ட மொகங்குடுத்துப் பேசி ரெண்டு நாளாச்சு." இருதயம்மா மூக்கைச் சிந்தினாள். "ஆனா புள்ள, குப்ப போயிருச்சு."

"போயிருச்சா?"

"நேத்து மலையில பேர் போட்டுட்டு வந்து ஒங்க வீட்டுக்காரரு மம்பட்டியத் தூக்குனாரு. இவரு வெளிய வந்தாரு, அஞ்சலைய என் கையில குடுத்துட்டு, கூடையத் தூக்குனாரு. ஒரு வார்த்த பேசலியே! ஒருத்தரு வெட்டிப் போடுறாரு, ஒருத்தரு சொமக்குறாரு. நீ சொன்ன அதே மானாப்புல்லு மேட்டுல குழி வெட்டிப் போட்டு, மேல மண்ணு அள்ளி மூடியாச்சு. பட்டியில சாணி விழுந்தா அன்னன்னிக்கு அங்கனதான் போகணும்னு ஒங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு."

"கோழி?"

"தொறந்து விட்டேன். இவருகிட்டயும் கேக்கல, அவருகிட்டயும் கேக்கல. அம்புட்டும் குப்ப கெடந்த எடத்துல விழுந்து பொறுக்குது பாரு, ரெண்டு பேரு காலுக்குள்ளயும் பூந்து பூந்து. அந்த மொண்டிச் சேவல் வரைக்கும் நொண்டி நொண்டி வந்து பொறுக்குது. அதப் பாத்துட்டு ஒங்க வீட்டுக்காரரு மம்பட்டியக் கீழ போட்டுட்டு ஒக்காந்து அழுதுட்டாரு. என் ரோசத்துக்குப் புள்ளையக் குடுக்கப் பாத்தேனேன்னு."

இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. நடுவுலவனைப் புதைத்த அன்றுகூட அவன் அழவில்லை.

"அப்பிடின்னா ஈ?" என்று கேட்டாள்.

"இருக்கு, இல்லாமயா? ஆனா அந்தப் படை இல்ல. நாலஞ்சு வருது, வீசுனா போயிருது. மருந்தும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். நீ புள்ளையத் தூக்கிட்டு வா. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

அப்போது ஜன்னல் வழியாக ஒன்று உள்ளே வந்தது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு வந்ததாயிருக்கும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு இடமே கிடைக்காத மாதிரி, வீரய்யாவின் மேலுதட்டில் வந்து உட்கார்ந்தது.

"சீ, சனியன்!" இருதயம்மா கையை ஓங்கினாள்.

இராக்கம்மா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கக்கா."

"என்னாடி?"

"இருங்க. ஓட்டாதீங்க."

இருதயம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. இராக்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கையைத் தாழ்த்தவும் இல்லை, அசைக்கவும் இல்லை. ஈ கால்களைத் தேய்த்துக்கொண்டது. உதட்டின் ஓரம்வரை நடந்து, திரும்பி நடந்தது. இராக்கம்மாவின் உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் அதை ஓட்டச் சொன்னது. அவள் இருதயம்மாவின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் கையையே பார்த்திருந்தாள்.

போன ஆடியில் அந்தக் கை பாயில் கிடந்ததுபோலவே இந்தக் கையும் விரிப்பில் கிடந்தது. ஒரு விரல் அசைந்தது. அவள் மூச்சு விடவில்லை. பிள்ளை மூஞ்சியைச் சுளித்தான், தலையை ஒரு பக்கம் திருப்பினான். ஈ எழும்பி மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தது. அப்போது அந்தக் கை எழுந்தது. தட்டுத்தடுமாறி, பாதி வழியில் நின்று, மறுபடியும் எழுந்து தன் மூக்கிலேயே தானே ஓர் அறை வைத்தது. ஈ பறந்துவிட்டது. அடித்த அடி வலித்ததோ, ஈ செய்த அநியாயம் பொறுக்கவில்லையோ, வீரய்யா வாயைத் திறந்து வார்டே அதிர வீரிட்டான்.

அட்டென்டன் பொம்பிளை என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். இருதயம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இராக்கம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஈ ஜன்னல் பக்கம் போய்விட்டு, ஆசை விடாமல், கட்டிலைப் பார்த்துத் திரும்பி வந்தது.

"வா" என்றாள் இராக்கம்மா அதைப் பார்த்து. பிள்ளையிடம் குனிந்தாள். "வருது பாரு. ஓட்டுடா. ஓட்டு, என் ராசா."